குச்சவெளி வரை ஒரு குதிரையோடு

விடிந்ததும் திருகோணமலையிலிருந்து புறப்பட்டோம்: நான், என் பள்ளித் தோழன் அந்தோனி, அவனுடைய பெண்குதிரை டெய்சி. குச்சவெளி இருபது மைலுக்குச் சற்று மேல். பஸ் இருக்கிறது. ஆனால் குதிரையை விற்கப் போகிறவன் அதை நடத்தித்தானே கொண்டுபோக வேண்டும்.

வெள்ளைக்காரர் துறைமுகத் தளத்தை விட்டுப் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தோனி அங்கே அதிகாரிகளின் லாயத்தில் வேலை செய்தவன். கப்பலேறும்போது ஒரு துரை டெய்சியை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். வேலை போனது, குதிரை மிஞ்சியது. இப்போது அதன் விலா எலும்புகள் தெரிந்தன.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது துக்கம் விசாரிக்க. அவனுடைய ஒரே மகள் றோசலின் அந்த மாரி மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

சாம்பல்தீவு தாண்டினோம். குளம்புகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தம் மட்டும். பேச்சுக் கொடுக்க நினைத்து, படித்ததைச் சொன்னேன். மனிதன் குதிரை முதுகில் ஏறி வெகுகாலம் கழித்துத்தான் காலை ஊன்ற அங்கவடி வந்ததாம். அதுவரை தொடையால் இறுக்கிப் பிடித்தே போருக்குப் போனார்களாம்.

"எங்கட பிள்ளைக்கு அதுவும் ஏலாது," என்றான்.

இளம்பிள்ளை வாதத்தில் றோசலினின் இரண்டு காலும் சூம்பியிருந்ததை அறிவேன். அவள் குதிரையேறியதை அறியேன். இடுப்பைச் சேணத்தோடு பட்டியால் கட்டிவிடுவானாம்.

"நடையில ஒண்டுமில்லை. ட்ரொட் ஓட்டம் எடுத்தால்தான் கரைச்சல். குறுக்குக்கால், முன் வலமும் பின் இடமுமாய், ரெண்டு ரெண்டாய் விழேக்கை ஆளைத் தூக்கித் தூக்கி அடிக்கும். அழுதிட்டாள். அதுக்குப் பிறகு இது ட்ரொட்டையே விட்டிட்டுது, மச்சான். நடையிலயிருந்து நேரே கென்டர் பாய்ச்சல். தொட்டில் ஆட்டுற மாதிரி."

"நீ பழக்கினியோ?"

"அவள்தான் பழக்கினவள்."

நிலாவெளியில் தண்ணீர் காட்டினோம். குச்சவெளி போய்ச் சேர மத்தியானம் கழிந்துவிட்டது. வாங்க இருந்த முதலாளி மீன் வியாபாரி. பெட்டிகளை ஏற்றி, டெய்சியை வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். நடந்தது. விரட்டியதும் பாய்ந்தது. வண்டி உலைந்து பெட்டிகள் சரிந்து, மீன் தெருவில் கொட்டியது.

"இது வண்டிக்குச் சரிவராது. கொண்டு போங்க," என்றார்.

கொண்டுபோனால் பட்டினிதான். அந்தோனி வண்டியில் ஏறிக் கடிவாளத்தை வாங்கினான். டெய்சி பாய எழும்பிய ஒவ்வொரு முறையும் இழுத்துப் பிடித்தான். பிறகு கம்பால் அடித்தான். அது காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் அடித்தான். கடைசியில் குறுக்குக்கால்கள் சேர்ந்து விழத் தொடங்கின. டக், டக், டக், டக்.

"ஆ, இப்ப சரி," என்றார் முதலாளி.

அந்தோனி இறங்கி அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் பாராமல் நடந்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "வீட்டை போய்த் திரேசாட்டைச் சொல்லாதை."

வீடு வந்து அவன் கிணற்றடியில் கை கால் கழுவுகையில், அவன் மனைவி திரேசா குசினியிலிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். "அண்ணை, அங்கை எப்பிடி ஓடினது? பிள்ளையைக் கொண்டுபோன மாதிரியோ?"

"ஓம் தங்கச்சி. அப்பிடியேதான்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அப்ப அந்த ஓட்டத்தை மாத்த அங்கை ஆரும் அதுக்கு அடிக்கேல்லை," என்றாள்.

மறுநாள் காலை என்னை வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு அந்தோனி வந்தான். திரேசா என்ன கேட்டாள் என்று அவன் கேட்கவில்லை. பஸ் புறப்படும்வரை என் கையைப் பிடித்தபடியே நின்றான்.