சந்தனமேரி வைக்காத கால்

சந்தனமேரி தாய் வயிற்றிலிருந்து காலை முதலில் நீட்டிக்கொண்டு பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்று ஜெகதாப்பட்டினத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. அவள் ஐஸ் கம்பெனி வேலை முடிந்து வருவதற்குள் வாசலில் நாலு பேர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று நிறுத்திவிட்டாள். ஏனென்று சொல்லவில்லை. தலைக்கனம் என்று பேசிக்கொண்டோம். அதிகம் பேசியது நான்தான்.

என் மகள் அன்புமொழிக்கு ஆறு நாளில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு இருந்தது. இரண்டு வருஷமாக ஓடிப் பழகியவள், அன்றைக்கு உடம்பைத் தயார்படுத்தாமல், அடி தேய்ந்த ஷூவோடு மேடு பள்ளத்தில் ஓடிக் காலைப் புரட்டிக்கொண்டாள். கணுக்கால் வீங்கிவிட்டது. ஆட்டோவில் ஏற்றி நேராகச் சந்தனமேரி வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன்.

வாசலில் அவள் புருஷன் வீரய்யா வலை பின்னிக்கொண்டிருந்தார். படகில் விழுந்ததிலிருந்து விந்தி நடப்பவர், கடலுக்குப் போவதில்லை.

ஒரே ஒரு தடவை நீவிவிடு என்று சந்தனமேரியிடம் கெஞ்சினேன். அவள் என் மகளின் கணுக்கால் எலும்பின் பின்பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். மகள் அலறிவிட்டாள். சந்தனமேரி அவளை நாலு எட்டு வைக்கச் சொன்னாள். ஓர் எட்டுக்கு மேல் முடியவில்லை. உடனே காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, நொறுக்கிய ஐஸைத் துண்டில் சுற்றி வீக்கத்தின்மேல் வைத்தாள். எக்ஸ்ரே எடுக்காமல் தொட மாட்டேன் என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டுப் போட்டுவிடுவார்களே, ஓட்டம் போய்விடுமே என்ற பயத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். பெற்றிருந்தால்தானே உனக்குத் தெரியும் என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சந்தனமேரி புருஷனைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்: "இவரு படகுல விழுந்து வந்தப்ப, சுளுக்குன்னு நெனச்சு நாந்தேன் மிதிச்சு நீவுனேன். எலும்புல வெறும் கீறல்தான் இருந்துச்சு. நான் மிதிச்சுத்தான் வெலகிப்போச்சு. டாக்டர் எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

வீரய்யாவின் கை நின்றுவிட்டது. அவருக்கே அது புதுச் செய்தி. வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மனைவியைப் பார்க்காமலே தலையணையை எடுத்துக்கொண்டு விந்தி விந்தி ஆட்டோவுக்கு நடந்தார்.

"பிள்ளையத் தூக்குங்க, நானும் வாரேன்" என்றார்.

எக்ஸ்ரேயில் எலும்பில் கீறல் தெரிந்தது, விலகவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருஷத் தேர்வு போனது போனதுதான், மகளும் நானும் சேர்ந்தே அழுதோம். இன்றைக்கு அன்புமொழி நேராக நடக்கிறாள். அடுத்த தேர்வுக்குப் புது ஷூவோடு ஓடுகிறாள்.

வீரய்யா நாலு நாள் மனைவியிடம் பேசவில்லையாம். ஐந்தாம் நாள் சோறு போடச் சொல்லிக் கேட்டாராம்.

இப்போதும் சுளுக்கென்று அவள் வாசலுக்கு ஆள் வருகிறது. முதலில் நாலு எட்டு நடக்கச் சொல்கிறாள், முடியாதவர்களை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிடுகிறாள். மிதித்துவிட்டால் போதும் என்று யாராவது அடம்பிடித்தால், வீரய்யா வலையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் காலை நீட்டிக் காட்டுகிறார்.