அக்கா வளர்த்த குங்கும மரம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். தம்பி என்ற முறையில் என் கோபத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்குளத்தில் மீனவர் வீட்டில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டார். இரண்டாம் ஆண்டே முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மாமா இறந்தார். பிள்ளை இல்லை. எங்கள் அப்பா, நைனா, அழைத்தும் பிறந்த வீட்டுக்கு வராமல், மீன்கூடை சுமந்து தனியாகவே பிழைத்தார்.

ஆரம்பாக்கத்தில் நாற்று விற்க வந்த ஆந்திரக்காரர் ஒருவரிடம் குங்கும மரக் கன்று வாங்கினார். ஜாப்ரா என்றும் அதைச் சொல்வார்கள். உப்பு மணலில் வேர் பிடிக்காது என்றோம். திருப்பாலைவனத்து வயல் மண்ணை மூட்டை மூட்டையாகப் பஸ்ஸில் கொண்டுவந்து குழியில் கொட்டினார். குடிக்கிற தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினார். மூன்றாம் ஆண்டு, முள்முள்ளாய்ச் சிவந்த காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. விதையில் எண்ணெய் விட்டுத் தேய்த்து, இறங்கும் சிவப்பை அரிசி மாவில் பிசைந்து உலர்த்திச் சலிப்பார். குப்பத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அந்தக் குங்குமம் போனது. அக்கா மட்டும் போகக் கூடாது.

என் மகள் கல்யாணத்தன்று குங்குமக் கிண்ணத்தோடு மணமேடை அருகே வந்தார். எங்கள் அத்தை மகள் வழிமறித்தார்.

"இன்னாக்கா, தாலி கட்ற நேரத்துல முன்னால வந்து நிக்கிற? பின்னால போய் குந்து."

அக்கா என்னைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரந்தானேக்கா, போய் உக்காரு" என்றேன்.

"சரிடா தம்பி, கிண்ணத்த நீயே புடி" என்று கொடுத்துவிட்டுப் பந்தலை விட்டு வெளியே போனார். சாப்பிடாமலே ஊர் திரும்பிவிட்டார் என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. குங்குமம் மட்டும் அனுப்பினார்.

காய்ச்சலில் படுத்தவர் பத்தே நாளில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதே அத்தை மகள் என்னிடம் வந்தார்.

"தையில பொண்ணுக்குக் கல்யாணம். அக்கா கைபட்ட குங்குமம் ராசினு சொல்றாங்க. மிச்சம் இருந்தா குடு தம்பி."

"குங்குமம் ராசி, அக்கா மட்டும் ராசியில்லயா?" என்று கேட்டேன். என் மகள் கல்யாணத்தன்றே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அத்தை மகள்மேல் உள்ளதைவிட என்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

காய்ச்சலில் அக்காவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குப்பத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மரத்துக்கு இப்போது நான் தண்ணீர் ஊற்றுகிறேன். குங்குமம் வேண்டுவோர் தாராளமாக வரலாம். ஒன்று மட்டும் கேட்பேன்: உங்கள் பந்தலில், கணவரை இழந்த பெண் ஒருவர் அதைத் தம் கையால் எடுத்து மணப்பெண்ணின் நெற்றியில் வைக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் வாசலோடு திரும்பிவிடலாம்.