எருக்கங்காட்டுக் கொட்டாய்

ஒரு தோலை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், அந்த மாடு எத்தனை ஈத்து ஈன்றது, எந்த வருசப் பஞ்சத்தில் இளைத்தது, எதனால் செத்தது என்று ஃபக்ருதீன் சொல்லிவிடுவான். ஓசூர்ச் சந்தையில் இதற்காகப் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் பலர். ஆனால் அதே சந்தையில் டீக்கடை பெஞ்சில் அவன் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவன் மெல்ல எழுந்து தள்ளிப் போவான். உப்புப் போட்ட தோலின் வாடை அவன் சட்டையை விட்டுப் போனதே இல்லை. "பாய் வர்றத காத்து முன்னாடியே வந்து சொல்லிடுது" என்று கேலி பேசுவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வது, சோறு போடுகிற தொழில்.

அப்படிப்பட்டவனை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள் என்றால் அது எண்பத்தெட்டாம் வருசத்து அதிசயம்தான். ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நிலத்தை விற்றவன் மாடிவீடு கட்டினான், மோட்டார் சைக்கிள் வாங்கினான். மாட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றை அவிழ்த்து ரோட்டில் விட்டான். மேய்ந்த இடமெல்லாம் காம்பவுண்டுச் சுவர். பாவம், அவை எங்கே போகும்? பெங்களூர் ரோட்டின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒரே மாசத்தில் ஒன்பது மாடுகள் லாரியில் அடிபட்டன. ஒன்பதாவது நிறைசினைப் பசு. அதைப் பார்த்தவர்கள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாதுரை என்பவன்தான் முதலில் ஆரம்பித்தான். அனாதை மாடுகளுக்கு ஒரு கொட்டாய் கட்ட வேண்டும், ஊரே சேர்ந்து கட்ட வேண்டும் என்றான். காலி பெயின்ட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்றான். ஆள் ஒல்லி, குரல் மட்டும் வெண்கலம். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர்கள் ஒரு லாரி மாம்பழம் அனுப்பினார்கள், ஏலம் விட்டார்கள். அஞ்செட்டி மலைக்காரர்கள் கையில் காசு இல்லாததால் மூங்கிலும் கேழ்வரகுத் தாளும் வண்டியில் ஏற்றி விட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வெளியே துண்டை விரித்துக்கொண்டு நின்றவன் ஃபக்ருதீன். மாட்டுத் தோலில் வாழ்கிறவன் மாட்டுக்காகக் கையேந்துகிறானே என்று சனங்கள் மனசு இளகிக் கொடுத்தார்கள். அதற்குத்தான் அந்த மாலை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவன் கையேந்தியது மாட்டுக்காக இல்லை. அவன் அண்ணி சுக்ராவுக்காக.

சுக்ரா அவன் அண்ணன் கௌஸ் பாஷாவின் மனைவி. இருபத்திரண்டு வயதில் புருசனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. அதற்கப்புறம் பதினேழு வருசம் கொழுந்தன் வீட்டின் அடுப்படி ஓரத்தில் படுத்து எழுந்தாள். குறை சொல்ல மாட்டாள். ஃபக்ருதீனின் பெண்டாட்டி நாலு வார்த்தை அதிகம் பேசினாலும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். கொட்டாய்க்கு வசூல் என்றதும் வீடு வீடாகக் கிளம்பியவள் அவள்தான். நாய் துரத்திய தெருக்களுக்குக்கூட இரண்டாம் தடவை போனாள். அதைப் பார்த்த அண்ணாதுரை, "கொட்டாய் கட்டனதும் நீங்கதாங்கம்மா அத பாத்துக்கணும். ஒரு ரூமு கட்டித் தர்றோம், சம்பளமும் உண்டு" என்று சொல்லிவிட்டான். அன்று வீட்டுக்கு வந்தவளின் முகத்தை ஃபக்ருதீன் பார்த்தான். "எனக்குன்னு ஒரு கதவு தம்பி. நானே தாப்பா போட்டுக்கற கதவு" என்றாள். இத்தனை வருசத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

சுவருக்கும் தகரத்துக்கும் பணம் சேர்ந்துவிட்டது. இடம் வாங்கத்தான் இல்லை. ஓசூரில் மண் விலை அப்போது தங்கம் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. ஃபக்ருதீனுக்கு மாலை போட்ட அந்தக் கூட்டத்தில்தான் நிலக்காரர் ராஜப்பன் எழுந்து மைக்கைப் பிடித்தார். கெலவரப்பள்ளி போகிற வழியில் தனக்குச் சும்மா கிடக்கிற ஒரு ஏக்கரைத் தானமாகத் தருவதாகச் சொன்னார். கைதட்டலில் பந்தலே ஆடியது. "எந்த எடமுங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எருக்கங்காடுதான்" என்றார் ராஜப்பன்.

மேடையில் உட்கார்ந்திருந்த ஃபக்ருதீன் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சுக்ரா கீழே பெண்கள் பக்கத்தில் இருந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

எழுபத்தொன்றாம் வருசம், பெரிய வறட்சிக்குப் பிறகு முதல் மழை பெய்த சமயம், ராஜப்பனுடைய அப்பாவின் பட்டியில், டாக்டர்கள் ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோய் புகுந்தது. காலையில் நன்றாக மேய்ந்த மாடு சாயங்காலம் விழுந்தது. மூக்கில் கருப்பாக ரத்தம் வழியும், உறையவே உறையாது. ஒரே வாரத்தில் பதினோரு உருப்படி. அடைப்பானில் செத்த மாட்டைப் புதைக்க இந்தப் பக்கம் ஒரு முறை உண்டு. குழியில் இறக்கியதும் கோடரியால் தோலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்திவிடுவார்கள். எவனும் தோலுக்கு ஆசைப்பட்டுத் தோண்டக் கூடாது பாருங்கள், அதற்கு. பத்து மாட்டை அப்படித்தான் கொத்தினார்கள். பதினோராவது, பெரியவர் பிள்ளை போல வளர்த்த வெள்ளைக் காளை. மைசூர் வரைக்கும் சந்தைக்குப் போய்ப் பரிசு வாங்கி வந்தது. அதன் மேல் கோடரி விழ அவர் சம்மதிக்கவில்லை. மஞ்சள் பூசி, மாலை போட்டு, முழுசாக இறக்கினார். குழி ஓரத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அதைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் இரண்டு பேர். ஃபக்ருதீனும் அவன் அண்ணனும்.

"அந்த வெள்ளத் தோலு ஒரு கீறல் இல்லாம மண்ணுக்குள்ள போவுதே" என்றவன் ஃபக்ருதீன். அண்ணன் வேண்டாம் என்றான், இரண்டு தடவை சொன்னான். இவன் விடவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம், கையில் தம்பிடி இல்லை. மறுநாள் விடிகிற நேரத்தில் புது மண்ணை இருவரும் தோண்டினார்கள். கடைசியாக இறக்கிய காளை, மற்றதுகளுக்கு மேலாகத்தான் கிடந்தது. ஃபக்ருதீனின் கட்டைவிரலில் கத்தி பட்ட காயம் இருந்ததால் அண்ணன் அவனைத் தொடவிடவில்லை. தானே இறங்கி உரித்தான். வெளிச்சம் வந்துவிட்டது, ஆள் நடமாட்டம் கேட்டது. மிச்சத்தை அரைகுறையாகத் தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு மண்ணைப் போட்டு மூடிவிட்டு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் கௌஸ் பாஷாவின் கையில் ஒரு கொப்புளம் வந்தது. வலிக்கவில்லை. நடுவில் கரி வைத்தது போல ஒரு புள்ளி. ஆறாம் நாள் அவன் இல்லை. ஏதோ விஷப்பூச்சி கடித்துவிட்டது என்று ஃபக்ருதீன் ஊருக்குச் சொன்னான். சுக்ராவுக்கும் அதையேதான் சொன்னான். தோல் விற்ற காசில்தான் அண்ணனின் உடலைச் சுற்றக் கபன் துணி வாங்கினான். சீ, என்ன பிழைப்பு இது என்று அன்றைக்குத் தன்னையே காறித் துப்பிக்கொண்டவன், அதற்கப்புறம் அண்ணியின் முகத்தைப் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூட்டம் முடிந்த மறுநாளே ராஜப்பன் வீட்டுக்குப் போனான்.

"அண்ணா, அந்த எடம் வேணாம். வேற எங்கியாச்சும் அரை ஏக்கரு குடுத்தாலும் போதும்."

"ஏன் பாய், அதுக்கு என்னா கொற?"

"அடைப்பான்ல செத்த மாடுங்கள அங்கதான பொதச்சது? அந்த வெஷம் மண்ணுல அப்பிடியே கெடக்கும்ணா. தோல் யாவாரத்துல எனக்குத் தெரியும்."

ராஜப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கப்பா ரெண்டாள் ஆழத்துக்குக் குழி வெட்டி, வண்டி வண்டியா சுண்ணாம்பு கொட்டிப் பொதச்சாரு பாய். பதினேழு வருசம் ஆயிடுச்சு. அவ்ளோ ஆழத்துல கெடக்கறது எப்பிடி மேல வரும்? அந்தக் குழிய எவனாச்சும் தோண்டனானா? அதனால எவனாச்சும் செத்தானா? சொல்லுங்க, இப்பவே வேற எடம் தர்றேன்."

வாசலில் ஒரு பால்காரி நின்றிருந்தாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் சாயங்காலத்துக்குள் சுக்ராவின் காதுக்குப் போய்விடும். உன் புருசனைக் குழிக்குள் இறக்கியவன் நான்தான் என்று, பதினேழு வருசம் தனக்குச் சோறு ஆக்கிப் போட்டவளிடம் எந்த வாயால் சொல்வது?

"எனக்குத் தெரிஞ்சி இல்லண்ணா" என்றான்.

"அப்பறம் என்னா? ரோட்ல அடிபடற மாடு கொறஞ்சா உங்களுக்குத் தோலு கொறையும், அந்த வருத்தமா?" ராஜப்பன் விளையாட்டாகத்தான் கேட்டார். ஃபக்ருதீன் தலை குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஆட்களே வந்து வேலை செய்தார்கள். தூணுக்குக் குழி தோண்டியபோது ஒரு இடத்தில் மட்டும் மண் கருப்பாக, மிருதுவாக வந்தது. ஒரு கொம்புத் துண்டும் வந்தது. அண்ணாதுரை அதைத் துடைத்து, "நல்ல சகுனம்ணே, மாடு இருந்த எடம்" என்று எல்லோருக்கும் காட்டினான். வெளியூர்க்காரன், அவனுக்கு என்ன தெரியும்! ஃபக்ருதீன் அன்று தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டான். அடிபம்பு போட்டார்கள், தகரம் வேய்ந்தார்கள். ஓரத்தில் நீல நிறக் கதவு வைத்த ஒரு சின்ன அறை. சுக்ரா ஒரு தகரப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். பதினாறு மாடுகளுக்கும் தானே பெயர் வைத்தாள்.

மழை வந்தது. சொல்லி வைத்த மாதிரி, கருப்பு மண் வந்த இடத்தில் மட்டும் புல் இடுப்பளவு எழும்பியது. அப்படி ஒரு பச்சை. சுக்ரா அதைத்தான் தினமும் அறுத்துப் போட்டாள். "வேற எடத்துப் புல்ல அறுங்க அண்ணி" என்பான் இவன். "ஏன் தம்பி, இது தேனாட்டம் இருக்குது, அதுங்க இதத்தான் தேடுதுங்க" என்பாள். தொழிலைக்கூடப் போட்டுவிட்டு அவன் தினமும் அங்கே போய் நின்றான். மாடுகளின் மூக்கைப் பார்ப்பான். அவள் முழங்கைகளைப் பார்ப்பான். ஒன்றும் இல்லை. ஒரு மாசம் ஓடியது, இரண்டு மாசம் ஓடியது. ராஜப்பன் சொன்னதே சரியாக இருக்குமோ என்று அவனுக்கும் தோன்ற ஆரம்பித்தது. அந்த வாரம்தான் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை காலையில் அண்ணாதுரை சைக்கிளில் வந்து இறங்கினான். "பாய், அந்தச் செவலைப் பசு செத்துப்போச்சு. பாம்பு தீண்டியிருக்கும்னு பேசிக்கிறாங்க. நீங்க வந்து தோல எடுத்துக்கங்க. வர்ற காச கொட்டாய்க்கே குடுத்துடுங்க, அதுவும் நம்ம வசூல்ல சேரட்டும்."

ஃபக்ருதீன் செருப்புப் போடவும் மறந்து ஓடினான். தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பசுவின் வயிறு உப்பியிருந்தது. மூக்கோரம் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. துடைத்த இடத்தில் மறுபடியும் கருப்பு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "யாரும் தொடாதீங்க! தள்ளிப் போங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் கூட்டம் பின்வாங்கியது. அப்போதுதான் சுக்ராவைப் பார்த்தான். அடிபம்புப் பக்கத்தில் நனைந்த கோணிச்சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

அங்கேயே, அந்தச் சேற்றிலேயே, அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளைக் காளையை, விடியற்காலையை, இரண்டு தடவை வேண்டாம் என்ற அண்ணனைத் தான் வற்புறுத்தியதை, கபன் துணியை. சொல்லச் சொல்ல மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது. நாற்பது வயதுக்காரன், வெட்கமில்லாமல் அழுதான்.

சுக்ரா கோணியைக் கீழே வைத்தாள்.

"தெரியும் தம்பி."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கொப்புளம் வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. ‘அவன் சின்னவன், தாங்கமாட்டான், ஒரு வார்த்த கேட்டுடாத’ன்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கனாரு. நான் கேக்கல. நீ என் மூஞ்சப் பாக்காம ஓடி ஒளியறத பாத்து, நானே சொல்லிடலாமான்னு எத்தினியோ தடவ வாய் வரைக்கும் வந்திருக்குது." உப்பிக் கிடந்த செவலையைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த எடம்னு மட்டும் அவரும் சொல்லல, நானும் கேக்கல. அது ஒண்ணு நீ சொல்லியிருக்கலாமே தம்பி."

பிறகு அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புல் அறுத்த அருவாள் கீறல்கள் விரல் முழுக்க இருந்தன. இன்றைய கீறல், நேற்றைய கீறல்.

"பம்ப அடி" என்றாள்.

ஃபக்ருதீன் எழுந்து அடித்தான். அவள் சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். போதும் என்று சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அந்தக் கையைப் பார்க்க வேண்டியிருக்கும்.