தலை முதலில் போக வேண்டும்

பத்து பகாட் ஊரில் இப்போதெல்லாம் பஸ் ஏறுவதற்கே எனக்கு ஒரு கை தேவைப்படுகிறது. இந்த உடம்பு ஒரு காலத்தில் அந்தரத்தில் சுழன்றது என்று சொன்னால், என் பிள்ளைகள் தொப்பையைப் பார்த்துவிட்டு மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். நானும் அவர்களைக் குறை சொல்வதில்லை. கண்ணாடியைப் பார்க்கும்போது எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கரணம் போடுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. திருவிழாவில் சாமி புறப்படும்போது முன்னால் கரணமடித்துக்கொண்டு போகும் பையன்களில் நான் ஒருவன். பழக்கியது அப்பா. நான் பின்பக்கமாகத் துள்ளும்போது அவருடைய கை என் முதுகுக்குக் கீழே நீண்டிருக்கும். தொடாது. ஆனால் இருக்கும். "எப்படிச் சுத்துனாலும் கடைசியில காலு தரையில நிக்கணும்டா. இல்லன்னா அதுக்குப் பேரு விழுறது" என்பார்.

அந்த அப்பாவைத்தான் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். லாரியில் ஏறிய பிறகு அப்பா குனிந்து, "நான் வர்ற வரைக்கும் பின்கரணம் போடாத" என்றார். நான் போடவில்லை. அம்மாவின் எந்தச் சொல்லையும் கேட்காத நான், அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டேன்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நின்று கையைக் காலை ஆட்டிக் கசரத்து செய்ய வேண்டும் என்பது ஜப்பான்காரன் சட்டம். ஒருநாள் கசரத்து முடிந்ததும், சும்மா இருக்கமுடியாமல் நான் வரிசையை விட்டு முன்கரணமாகப் போட்டுக்கொண்டு போய், ஜப்பான் கேப்டனின் பூட்ஸுக்கு முன்னால் நின்றேன். பெரட்டே மூச்சை அடக்கிக்கொண்டது. அதற்குச் சற்று முன்புதான் அவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியை அறைந்திருந்தார். ஆனால் அன்று கேப்டன், "பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துரை பங்களாவுக்குப் போனார்.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை அங்கே நீச்சல்குளம் கட்டியிருந்தார். ஒரு முனையில் நீண்ட பலகை. வழுக்காமல் இருக்க அதன்மேல் கயிற்றுப் பாயை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கேப்டன் இளம்வயதில் தம் ஊரில் பலகைமேலிருந்து பாய்ந்து பரிசு வாங்கியவராம். கிராணி கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். இனி நானும் பாய வேண்டுமாம்.

தரை யோக்கியமானது. மிதித்தால் மிதித்த அளவுக்குத் திருப்பித் தரும். பலகை அப்படியல்ல. நாம் மிதித்ததும் கீழே போகும். அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் தராது, தாமதித்தால் வேலிப்பக்கம் வீசிவிடும். நான் போட்டிருந்ததோ கோணிச்சாக்குக் கால்சட்டை. தண்ணீரில் நனைந்தால் நான் ஒரு பக்கம் வருவேன், அது ஒரு பக்கம் போகும்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். தீராத வியாதி ஒன்றுதான். எப்படிப் பாய்ந்தாலும் நான் கால்களில் போய் இறங்கினேன். "கெப்பாலா! கெப்பாலா டுலு!" என்று கேப்டன் தம் தலையில் அடித்துக்கொண்டு கத்துவார். தலைதான் முதலில் போக வேண்டும். என் உடம்புக்கு அது புரியவில்லை. தண்ணீரைக் கண்டதும் அது தரை என்று நினைத்துக் கால்களை நீட்டிவிடும்.

ஆனாலும் நான் ஒருநாள்கூடப் போகாமல் இருந்ததில்லை. பலகை நன்றாகத் தூக்கிவிட்டால், உச்சியில் ஒரு கண்ணிமைப்பு நேரம், செம்பருத்தி வேலிக்கு அப்பால் வடக்கே போகும் தண்டவாளம் தெரியும். அப்பா போட்ட பாதை அதன் மறுமுனையில் இருக்கிறது என்று எனக்கு நானே கணக்குப் போட்டிருந்தேன். ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கண்ணிமைப்பு பார்ப்பேன். பிறகு தண்ணீர்.

பக்கத்து வீட்டு அத்தை விடமாட்டார். "ஏண்டா, வெள்ளைக்காரன் தண்ணியில ஜப்பான்காரனுக்குக் கூத்தாடுறியே, ஒனக்கு மீசை மொளைக்குமா, செதில் மொளைக்குமா?"

ஜப்பான் ராஜாவின் பிறந்தநாளுக்குப் பாய்ச்சல் போட்டி வைக்கப்போவதாக ஒருநாள் பெரட்டில் அறிவித்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பையன்கள் எல்லாரும் வரலாம். "ஜெயிச்சவன் கேப்டன்கிட்ட எது வேணும்னாலும் கேக்கலாமாம்" என்றார் கிராணி. கூட்டம் அரிசி என்றது, துணி என்றது, மண்ணெண்ணெய் என்றது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பாவைத் திருப்பிக் கேட்டா குடுப்பாங்களா?"

அம்மா மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். "மொதல்ல ஜெயிடா. அப்புறம் கேளு" என்றார்.

அன்றிலிருந்து இரவில் பாயில் படுத்தபடியே, தலை முதலில், தலை முதலில் என்று உடம்புக்குப் பாடம் சொன்னேன். அது கேட்கவும் ஆரம்பித்தது. ஒன்றரைச் சுற்று சுற்றினால் தலை கீழே வந்துவிடும் என்று கண்டுபிடித்தேன். ஒரு சுற்றோடு உடம்பை விரித்துவிடாமல் இன்னும் அரைச் சுற்றுப் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அதுவரை அம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை. சாக்கு கிழிகிறது, பசி கூடுகிறது, சளி பிடிக்கிறது என்று ஏதாவது இருக்கும். போட்டி நெருங்கியபோது திடீரென்று திட்டுவதை நிறுத்தினார். தம் பங்குக் கிழங்கையும் என் தட்டில் தள்ளினார். அத்தையும் மீசையை மறந்துவிட்டு, "நல்லா சாப்பிடுடா, ராசா" என்றார். என் திறமை கடைசியில் வீட்டுக்கும் தெரிந்துவிட்டது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

போட்டியன்று தோட்டத்தில் வரிசையாக இருந்த லயத்து வீடுகள் எல்லாம் காலி. எங்கள் ஆட்கள் வேலியோரம் நின்றார்கள். நான் பலகையில் ஏறியதும் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாகவா இருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

எனக்கு முன்னால் பாய்ந்தவன் லாபிஸ் டவுனில் தவ்ஃபூ என்கிற சோயாக் கட்டி விற்பவரின் மகன். சுற்றவுமில்லை, சுழலவுமில்லை. கையை நீட்டினான், போய்விட்டான். ஆற்றில் மீன்கொத்தி இறங்குவதுபோல.

இதெல்லாம் ஒரு பாய்ச்சலா என்று நினைத்துக்கொண்டே நான் நடந்தேன். மிதித்தேன். காத்திருந்தேன். பலகை அதுவரை தராத உயரத்தைத் தந்தது. ஒரு சுற்று முடிந்தது. அப்போது வேலியோரம் எங்கள் கூட்டம் "ஆ!" என்று கத்தியது. திருவிழாவில் நான் கரணத்தை முடித்து நிற்கும்போது கத்துகிற அதே கத்தல். அவ்வளவுதான், என் உடம்பு எல்லாப் பாடத்தையும் மறந்துவிட்டது. விரிந்தது. கைகளை மேலே தூக்கி, கால்களைச் சேர்த்து, சாமிக்கு முன்னால் நிற்பதுபோல நேராகத் தண்ணீருக்குள் போனேன்.

மேலே வந்தபோது எங்கள் தோட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் தம் தலையைத் தொட்டுக் காட்டினார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயித்த டவுன் பையன் உப்பு கேட்டான். ஒரு டின் உப்பு கொடுத்தார்கள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் என்னைத் தாண்டிப் போனான். எங்கள் அப்பா உப்பாகி டவுனுக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் மடியில் விழுந்து, "அரைச் சுத்துதாம்மா! அரைச் சுத்துல விட்டுட்டேன்! அப்பா வரமாட்டாரு" என்று அழுதேன். அம்மா என் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துவட்டினார்.

போட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே, கால் முழுக்கப் புண்ணோடு சயாமிலிருந்து ஓர் ஆள் வந்து சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பெரியவனான பிறகு அத்தை சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். "பாஞ்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க" என்று அம்மா லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டாராம்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாள் காலையில் அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை என்பதுதான். அரிசி இல்லை, தீப்பெட்டி இல்லை, சவுக்காரம் இல்லை. இப்போது குங்குமமும் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். தோற்று வந்தவன் இதையாவது செய்வோம் என்று ஒரு செங்கல் துண்டைத் தேடிப் பிடித்து, கல்லில் உரசி, பொடியை ஓர் இலையில் ஏந்திக்கொண்டு போனேன்.

"இந்தாம்மா, வச்சுக்க. நல்ல செவப்பு."

அம்மா இலையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் தொட்டு, என்னை அருகில் இழுத்து, அதை என் நெற்றியில் வைத்தார். தோற்றவனுக்கும் ஏதோ பரிசு உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போனேன்.