கந்தப்பு வைத்திருந்த பட்டியல்

கிள்ளான் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் மீனலோசனி வைத்ததுதான் சட்டம். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக்காரர். பத்து வருடத்தில் ஒரு நோயாளியின் விவரத்தைக்கூடத் தொலைத்ததில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்தவர்.

1997இல் பழைய யூனிக்ஸ் இயந்திரத்தை மூட்டை கட்டச் சொன்னார்கள். அதில் ஓடிய புரோகிராமை விண்டோஸ் என்.டி. உள்ள புது இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். நோயாளிகளின் விவரம், ‘இன்ன தேதிக்கு வாருங்கள்’ என்று மாதாமாதம் கடிதம் அச்சடிக்கும் வேலை என்று ஒவ்வொன்றாக மூன்று மாதம் மாரடித்து மாற்றினார். மிஞ்சியது கந்தப்புவின் கோப்புகள்தான்.

கந்தப்பு அவருக்கு முன்னால் அந்த அறையை ஆண்டவர். போன வருடம், வேலையில் இருக்கும்போதே காலமானார். கோயில் செயலாளராகவும் இருந்ததால், திருவிழா உபயகாரர்களின் பெயர்களையெல்லாம் ஆபீஸ் இயந்திரத்திலேயே போட்டு வைத்திருந்தார். மீனலோசனி ஒரு பட்டியலைத் திறந்து பார்த்தார். பெயர், ஊர், மாதம், திதி.

“கோயில் திதிப் பட்டியலையும் இங்கயே வச்சிட்டாரா மனுஷன்!” என்று சிரித்துவிட்டு, அதை மாற்றாமல் விட்டுவிட்டார். புது இயந்திரமும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது.

அடுத்த மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம், முன்கவுண்டரில் இருக்கும் ரமணி போன் செய்தாள்.

“அக்கா, பந்திங்லேருந்து ஒரு அம்மா. மகளுக்கு பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்டாம். இன்னும் பேர் கூப்பிடலன்னு உட்கார்ந்தே இருக்காங்க லா.”

மீனலோசனி இறங்கிப் போனார். நல்லம்மாள் என்ற அந்த அம்மாள் கடிதத்தை நீட்டினார். சந்திரகலா என்று அச்சடித்திருந்தது.

“பொண்ணு வரலியாம்மா?”

“அது செத்து மூணு வருஷமாச்சு மிஸ்ஸி. நீங்க கூப்பிட்டிருந்தீங்களே, அதான் நான் வந்தேன்.”

திட்டவில்லை, அழவும் இல்லை. மீனலோசனி மேலே ஓடிப்போய்ப் பழைய இயந்திரத்தைத் தட்டி எழுப்பினார். கடிதம் அச்சடிக்கும் முன் கந்தப்புவின் பட்டியலைப் பார்த்து, அதில் உள்ள பெயர்களை விட்டுவிடச் சொல்லி புரோகிராமில் ஒரு வரி இருந்தது. பட்டியல் இல்லையென்றால் பேசாமல் எல்லாருக்கும் அடித்துவிடும். காலையில் பேப்பரில் மரண அறிவிப்புகளைப் படித்து, தெரிந்த நோயாளிகளின் பெயர்களை மனிதர் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். திதி குறித்தது கோயில்காரர் பழக்கம். இருநூற்றுப் பதினான்கு பேர். அவ்வளவு பேர் வீட்டுக்கும் இந்த மாதம் கடிதம் போயிருக்கிறது. சந்திரகலா, ஐப்பசி, தேய்பிறை சப்தமி.

பட்டியலை அப்போதே புது இயந்திரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே வந்தார்.

“தப்பு என்னுதும்மா. மன்னிச்சிடுங்க. இனிமே லெட்டர் வராது.”

நல்லம்மாளின் முகம் அப்போதுதான் வாடியது.

“வராதா? அது பேர யாருமே சொல்றதில்ல மிஸ்ஸி. அவுங்கப்பா அழுவாருன்னு நானும் வீட்டுல சொல்றதில்ல.” கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அன்றிலிருந்து மீனலோசனிக்கு அந்தப் பெயர் காதைவிட்டுப் போகவில்லை. பிரிண்டர் ஓடும்போதெல்லாம் எழுந்து போய்த் தாள்களைப் புரட்டிப் பார்ப்பார். இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவருக்கும் கடிதம் போகவில்லை. வேலை சுத்தம். அந்தச் சுத்தமே அவருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் வியாழக்கிழமை, பத்து மணி. ரமணி போனில் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அந்த பந்திங் அம்மா மறுபடியும் வந்திருக்காங்க அக்கா. லெட்டர் தபால்ல தொலைஞ்சிருக்கும்னு அவங்களே வந்துட்டாங்களாம். நான் என்ன சொல்ல?”

“ஒண்ணும் சொல்லாத. நான் வரேன்.”

கீழே நாற்காலிகள் நிறைந்திருந்தன. கடைசி வரிசையில் நல்லம்மாள், மடியில் பையோடு கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனலோசனி ரமணியின் இடத்தில் போய் நின்றார். செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“சந்திரகலா!”

“இந்தா வந்துட்டோம் மிஸ்ஸி” என்று நல்லம்மாள் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.