உப்புக்குள் இருந்த கால் எலும்பு

அந்த எலும்பை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. பாத்தியின் தரையைச் செதுக்கும்போது சேற்றுக்கு அடியில் கிடைத்ததாம். ஒன்றரைச் சாண் நீளம். மேலெல்லாம் உப்பு இறுகிப்போய், கையில் எடுத்தால் கல்லாகக் கனத்தது. பறவை கிறவை என்று படித்தாயே, இதைப் பார் என்று மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நான் படித்தது பறவை கிறவை அல்ல, பெருங்கொக்குகள். வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வேறு, இவற்றில் பெரியவை ஏறக்குறைய ஆள் உயரம் நிற்பவை. உலகில் இன்று உயிரோடு இருப்பவை பதினைந்து இனங்கள். அழிந்துபோனவை எத்தனை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சில இனங்களுக்குச் சாட்சியே ஓர் உடைந்த எலும்புதான். தலையில் பொன்னிறக் கொண்டை உள்ள வகை இன்று ஆப்பிரிக்காவை விட்டால் வேறெங்கும் இல்லை, ஆனால் அதன் பழைய உறவுகளின் எலும்புகள் ஐரோப்பாவில் கிடைத்திருக்கின்றன. இதைத்தான் பள்ளி வேலைக்கு நடுவே பகுதி நேரமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். காலையில் திண்டிவனம் பஸ், பகலெல்லாம் வகுப்பு, மாலையில் அதே பஸ். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, ஓடவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு எதைத் தொட்டாலும் எரிச்சல். வீட்டில் என்னிடம் வாய் கொடுக்கவே அவர் யோசிக்கும்படி ஆனது.

எலும்பு வந்த அன்றே நோட்டுகள் கீழே இறங்கின. நீளத்தைப் பார்த்தால் வட இந்தியாவில் வாழும் சாரஸ் பெருங்கொக்கின் கால் எலும்புக்குச் சரியாக இருந்தது. கல்லாகிப் போயிருக்கிறதே, எத்தனை ஆயிரம் வருடமோ, நம் கரையில் யாரும் அறியாத ஓர் இனமாக இருந்தால்? நினைக்க நினைக்க உட்கார முடியவில்லை. இரண்டு முறை சோறு அடிப்பிடித்தது. பள்ளியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். கொக்குக்குப் பெயர் வைத்தாயிற்றா, மொட்டை எப்போது என்று மற்ற டீச்சர்கள் தினமும் கேட்டு என்னை ஓட்டினார்கள்.

எந்தப் பறவை என்பதை எலும்பின் இரண்டு முனைகளும்தான் சொல்லும். இரண்டும் உப்புக்குள் மறைந்திருந்தன. பக்கெட் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். உடைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, படம் மட்டும் எடுத்து என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். உண்மையில் எனக்குப் பயம். அவர் பார்த்துவிட்டதற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. வகுப்பு நடுவிலும் பஸ்ஸிலும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் அவரே கூப்பிட்டு, முதலில் கழுவிவிட்டு அனுப்பும்மா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊறப்போட்டேன். நான்கு முறை தண்ணீர் மாற்றினேன். மதியத்துக்குமேல் உப்பெல்லாம் கரைந்து, எலும்பு கையில் காற்றாக நின்றது. ஒரு முனையில் காய்ந்த தசைநார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொக்கே இல்லை. கழுவேலி ஏரிக்கு வரும் பூநாரையின் கால். செத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

அவமானத்தில் முகமெல்லாம் சுட்டது. பக்கத்தில் என் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறைத்தது. நான் வயல் சூழ்ந்த பிரம்மதேசம் கிராமத்துக்காரி, நெல் பயிரைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். அவர் பிறந்ததிலிருந்து உப்பில் கிடப்பவர்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமாங்க?"

"உப்புத் தண்ணில ஒரு சீசன் கெடந்தா எதுவும் கல்லாட்டம் ஆயிடும்," என்றார். "அறுந்த செருப்பு கூட ஆயிடும்."

"பின்ன ஏன் சொல்லல? ஸ்கூல் பூரா சிரிக்குது."

"சொல்லணும்னுதான் வந்தேன். குளிச்சிட்டு வந்து பாக்கறேன், நீ பரண்ல ஏறி நிக்கற. அப்புறம் எப்படி சொல்றது?"

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. இந்த மனிதர் அடிப்பிடித்த சோற்றை இரண்டு முறையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

"நோட்டெல்லாம் திரும்ப மேல போயிடுமா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

சரி என்று எழுந்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கொட்டினார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"நாளைக்கு அடுத்த பாத்தி செதுக்கறோம். எது கெடச்சாலும் எடுத்துட்டு வர்றேன்."