ஆந்தைக்கு வெட்டிய குழி

போன சனிக்கிழமை இண்டூரில் இருக்கும் தம்பி செந்தில் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்கூல் லீவு. அவன் மகள் நிலா, ஏழாம் வகுப்பு, செல்போனில் மூழ்கியிருந்தாள். டீச்சர் அனுப்பிய கேமாம்.

"அத்தை, இங்க பாருங்க... இந்தப் பாம்பை எடுத்துடறேன்."

எடுத்தாள். திரையில் எலிகள் பெருகின. கொஞ்ச நேரத்தில் பச்சை வயல் பழுப்பாகிவிட்டது. அடுத்து எலிகளை எடுத்தாள். ஆந்தை பட்டினியில் விழுந்தது. உணவுச் சங்கிலி! நான் மனப்பாடம் செய்து மறந்துபோன பாடம், இவளுக்கு விரல் நுனியில் புரிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

அந்த சந்தோஷம் காபி குடித்து முடிக்கும் வரைதான்.

மோட்டார் போடப் போன தம்பி மனைவி கவிதா, பதறியபடி ஓடி வந்தாள். "மோட்டார் ரூம்ல ஆந்தை ஒண்ணு வுழுந்து கெடக்குதுங்க. வாயில ரத்தம்!"

எல்லோரும் ஓடினோம். உயிர் இருந்தது. ஆனால் கழுத்து நிற்கவில்லை. நிலா அதைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"எலிக்கு மருந்து வெச்சீங்களாப்பா?"

"வெச்சேன். கடலைக்காட்டைப் பூரா எலி தின்னுட்டா நாம என்னத்தத் திங்கறது?"

அவன் கேட்டதிலும் தப்பில்லையே... கடலைச்செடியைப் பிடுங்கினால் பாதிக்கு மேல் வெறும் கூடுதான் வருகிறது. யாரைக் குறை சொல்ல? அந்த கேமில் விஷம் என்று ஒரு பட்டன் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

கோபமாகப் பேசினாலும், அட்டைப்பெட்டி தேடி எடுத்து வந்தவன் செந்தில்தான். அவன் பைக்கை ஓட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலா பின்னால் உட்கார்ந்தாள். நான் ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தேன்.

கால்நடை டாக்டர் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "மருந்து தின்ன எலியை இது தின்னிருக்கு. உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுட்டே இருக்கும்மா." ஊசி போட்டார். காத்திருந்தோம்... பெஞ்சில் இருந்த பெட்டிக்குள் இறக்கை ஒருமுறை அடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

நிலா அழவில்லை. "டாக்டர், இதைத் தூக்கிப் போட்டா நாய் தின்னும். நாயும் செத்துருமா?" என்று கேட்டாள்.

"ஆபத்துதாம்மா. ஆழமாப் புதைச்சுருங்க."

வீட்டுக்கு வந்ததும் செந்தில் மண்வெட்டியை எடுத்தான். அவள் பக்கத்திலேயே நின்று, "இன்னும் ஆழமாப்பா... இன்னும்" என்றாள். ஆந்தையை மூடிய பிறகும் விடவில்லை. கைகளில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, புதைப்பதற்காகக் கடலைக்காடு முழுக்கச் செத்த எலிகளைத் தேட ஆரம்பித்தாள். நாங்களும் கூடத் தேடினோம். வெயில் தாழும்வரை கிடைத்துக்கொண்டே இருந்தன.

படித்ததைப் புரிந்துகொண்ட குழந்தையைப் பார்த்தால் பெருமையாக இருக்க வேண்டாமா? எனக்கு என்னவோ அப்படி இருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இதற்கெல்லாமா குழி வெட்டச் சொல்வது?

தேடிக்கொண்டே வரப்பு வரை போனவள் நின்றாள்.

"பக்கத்துக் காட்டுலயும் மருந்து வெச்சிருக்காங்களாப்பா?"

"எல்லாக் காட்டுலயுந்தான் வெக்கறாங்க சாமி."

"அப்ப அங்க செத்ததையெல்லாம் யாரு பொதைப்பாங்க?"

செந்தில் மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டான். நான் வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

யாரும் குழி வெட்டின மாதிரி தெரியவில்லை.